வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு டிஸ்லெக்சியாவா? பெற்றோர் எங்கிருந்து தொடங்குவது

மூன்றாம் வகுப்புப் பிள்ளை. வாயால் கேள்வி கேட்டால் கடகடவென்று பதில் சொல்கிறது. கேட்ட கதையை ஒரு பெயர் விடாமல் திருப்பிச் சொல்கிறது. புத்தகத்தைக் கொடுத்து ஒரு பத்தி வாசிக்கச் சொன்னால் மட்டும் முதல் வரியைத் தாண்ட முடிவதில்லை. ஆசிரியர் "கவனம் போதாது" என்கிறார். பாட்டி "இவன் அப்பனும் சின்ன வயதில் இப்படித்தான், தானாகச் சரியாகிவிடும்" என்கிறார். உறவினர் ஒருவர் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாட்டின் பெயரைக் காதில் போட்டுவிட்டுப் போகிறார். மூவரில் பயனுள்ள தகவல் சொன்னவர் பாட்டிதான். ஏனென்று பிறகு பார்ப்போம். அவர் சொன்னதில் "தானாகச் சரியாகிவிடும்" என்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டுப் பெற்றோரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் முன் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுப்பது. மற்றொன்று, சோதனை, அறிக்கை, சான்றிதழ் என்று அலைவது. பெரும்பாலான குடும்பங்கள் இரண்டாவது முடியட்டும் என்று முதலாவதைத் தள்ளிப்போடுகின்றன. அதில் ஒரு வருடம் போய்விடும். அந்த வருடத்துக்குள் பிள்ளை தன்னை முட்டாள் என்று முடிவு செய்துவிட்டிருக்கும். இரண்டு வேலைகளையும் ஒரே வாரத்தில் தொடங்குங்கள்.

எங்கே சிக்கல்

பேச்சு குழந்தைக்குக் கேட்டுக் கேட்டே வந்துவிடும். வாசிப்பை யாராவது கற்றுக்கொடுக்க வேண்டும். கண்ணில் படும் வடிவத்தை ஒலியாக்கி, ஒலிகளைக் கோத்துச் சொல்லாக்கி, சொல்லிலிருந்து பொருளைப் பிடிக்க வேண்டும். பழகியவர்களுக்கு இது நொடியில் ஒரு சிறு பகுதிக்குள் நடந்து முடிவதால், இதில் ஒரு வேலை இருப்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் இடத்தில் தடுமாற்றம். பெரும்பாலோருக்கு அதன் வேர் பார்வையில் இல்லை. ஒரு சொல்லைத் தனித்தனி ஒலிகளாகப் பிரித்துக் கேட்பதில் இருக்கிறது. வாசிக்கும்போது மூளையின் இடப்பக்கத்தில் இயங்கும் சில பகுதிகள் இவர்களுக்குக் குறைவாக இயங்குவதை மூளைப் படங்கள் காட்டியிருக்கின்றன. இது குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் உறுதியாகத் தெரிந்த செய்தி. பாட்டி சொன்னது பயனுள்ள தகவல் என்று ஏன் சொன்னேன் என்பது இப்போது புரியும். மதிப்பிட வரும் உளவியலாளர் கேட்கும் தொடக்கக் கேள்விகளில் ஒன்று, "வீட்டில் வேறு யாருக்காவது வாசிப்பில் சிரமம் இருந்ததா?" என்பது.

இது புதிதாக முளைத்த நோயும் அல்ல. 1887இல் ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் இந்தப் பெயரை வைத்தார். 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். கணக்கில் கெட்டி, தன் பெயரையே பிழையாக எழுதுவான். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதலாவதாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மார்கன் பதிவு செய்திருக்கிறார். அந்த ஆசிரியருக்கு அன்று தெரிந்தது இன்றும் நம் வகுப்பறைகள் பலவற்றில் தெரியவில்லை.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு ஒன்று. அதற்குள் டிஸ்லெக்சியாவோடு, எழுதுவதில் வரும் சிரமமான டிஸ்கிராஃபியா, கணக்கில் வரும் டிஸ்கால்குலியா போன்றவையும் அடங்கும். ஒரே பிள்ளைக்கு இரண்டு சேர்ந்திருப்பது சாதாரணம். கவனக்குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்துவருவதும் அடிக்கடி நடக்கிறது. மக்கள்தொகையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வரை டிஸ்லெக்சியா இருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் இரண்டு முதல் நான்கு பேர் என்றாகிறது. துறுதுறுவென்று திரியும் பையன்கள் ஆசிரியர் கண்ணில் சீக்கிரம் பட்டுவிடுகிறார்கள். பின்பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்து பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதும் பெண் குழந்தைகள் தப்பிவிடுகிறார்கள்.

முதலில் வேறு காரணங்களைத் தள்ளுங்கள்

கண், காது இரண்டையும் மருத்துவரிடம் சோதித்துவிடுங்கள். காதில் அடிக்கடி சீழ் வடிந்து, அரைகுறையாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கும் ஒலிகள் குழம்பும்.

அடுத்து வரும் கேள்வியைப் பெற்றோர் விரும்புவதில்லை. இந்தப் பிள்ளைக்கு வாசிக்க யாராவது முறையாகக் கற்றுக்கொடுத்தார்களா? வீட்டில் ஆங்கிலம் பேசாத குழந்தையை ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்த்து, முதல் மாதமே பத்தி பத்தியாக எழுதவைத்து, ஒலியைச் சொல்லித்தராமல் எழுத்தின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்யவைத்தால், எந்தக் குறைபாடும் இல்லாத குழந்தைகூட வாசிக்காது. இரண்டு பள்ளி மாறிய பிள்ளை, நீண்ட விடுப்பில் இருந்த பிள்ளை ஆகியோருக்கும் இது பொருந்தும். ஆங்கிலத்தில் மட்டும் தடுமாறித் தமிழைச் சரளமாக வாசித்தால், டிஸ்லெக்சியா என்று முடிவுகட்டும் முன் கற்பித்த முறையைச் சந்தேகியுங்கள். பிள்ளைக்குத் தெரிந்த மொழிகள் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வடிவில் தெரிவதுதான் டிஸ்லெக்சியாவின் இயல்பு.

"ஏதோ ஒரு வடிவில்" என்று சொல்லக் காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு ஒழுங்கற்றது. அதனால் பிழைகள் கொட்டும். தமிழில் பெரும்பாலும் எழுதியபடியே வாசிக்கலாம். ஆகவே தமிழில் டிஸ்லெக்சியா பிழையைவிட வேகக்குறைவாக வெளிப்படுவதுண்டு. பிள்ளை எல்லாவற்றையும் வாசித்துவிடும். ஆனால் எழுத்துக் கூட்டிக் கூட்டி, வரியின் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துபோகும். "தமிழ் படிக்கிறானே, அப்புறம் என்ன?" என்று விட்டுவிடாமல், எவ்வளவு நேரத்தில் படிக்கிறான் என்று பாருங்கள்.

ஒரு நோட்டு போடுங்கள்

சில வாரங்கள், தேதி போட்டு, பிள்ளை வாசித்ததையும் எழுதியதையும் அப்படியே குறித்துவையுங்கள். திருத்தாதீர்கள், திட்டாதீர்கள். பள்ளியிலும் உளவியலாளரிடமும் இந்த நோட்டுக்குத்தான் மதிப்பு. "சரியாகப் படிக்க மாட்டேன் என்கிறான்" என்ற பேச்சுக்கு இல்லை.

தமிழில் எதைப் பிழையாக எண்ணுவது என்பதில் குழப்பம் அதிகம். ல, ள, ழ மாறுவதை டிஸ்லெக்சியாவின் அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பேச்சில் இவை பிரிந்து ஒலிக்காத வீடுகளில் எல்லாக் குழந்தைகளும் மாற்றித்தான் எழுதுவார்கள். பெரியவர்களின் வாட்ஸ்அப் செய்திகளே சாட்சி. ர–ற, ன–ண கதையும் இதேதான். கவனிக்க வேண்டியவை வேறு:

குறில் நெடில் மாறுவது: படம், பாடம் இரண்டும் ஒன்றாகிவிடும். ஒற்று விழுந்துபோவது: பட்டு என்பது படு ஆகும். துணைக்குறிகளில் ஒன்று காணாமல் போவது: கொடி என்பதில் கொம்பைப் பார்த்துவிட்டுக் காலை விட்டுக் கெடி என்று வாசிக்கும். ஒகர, ஓகார வரிசைகள் இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய தலைவலி. குறி எழுத்துக்கு முன்னும் பின்னும் நிற்க, ஒலியோ மெய்க்குப் பின்னால் மட்டும் வருகிறது. முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிப்பது: மருந்து என்றிருந்தால் மரம் என்று சொல்லிவிட்டுப் போய்விடும். ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவதும், முந்தைய வரியில் கூட்டி வாசித்த சொல்லை அடுத்த வரியில் புதிதாகப் பார்ப்பதுபோல் மீண்டும் கூட்டுவதும் வலுவான அறிகுறிகள்.

புத்தகம் இல்லாமலும் ஒன்று செய்து பார்க்கலாம். மாம்பழத்தில் மாம் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? பால் என்பதில் ப் ஒலியை எடுத்தால்? முதல் கேள்விக்கு ஐந்து வயதுக் குழந்தைகள் பலர் பதில் சொல்வார்கள். இரண்டாவது கடினம், வாசிக்கப் பழகிய எட்டு வயதுப் பிள்ளைக்குக் கைகூடும். அங்கே திரும்பத் திரும்பத் தடுமாறினால் குறித்துக்கொள்ளுங்கள். சிறுவயதில் தாமதமாகப் பேசியது, தக்காளியைக் கத்தாளி என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தது, தெரிந்த பொருளின் பெயரே வாயில் வராமல் "அது, அது" என்று நிற்பது ஆகியவையும் நோட்டில் இருக்கட்டும். ஆங்கிலத்தில் b, d சிற்றெழுத்துகளை இடவலமாக மாற்றிப்போடுவதற்குத்தான் ஊரில் பெரிய பெயர். ஏழு வயது வரை அது பல பிள்ளைகளிடமும் உண்டு.

பள்ளியில் பேசுதல்

நோட்டை எடுத்துக்கொண்டு வகுப்பாசிரியரைத் தனியாகப் பாருங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். கரும்பலகையிலிருந்து எழுதி எடுக்க அவகாசம், எல்லோர் முன்னும் உரக்க வாசிக்கச் சொல்லாதிருத்தல், தெரிந்த பதிலை வாயால் சொல்ல வாய்ப்பு ஆகிய மூன்றைக் கேளுங்கள். இவற்றுக்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை. அரசுப் பள்ளி என்றால் தலைமையாசிரியரிடம் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைப் பற்றிக் கேளுங்கள். உள்ளடக்கிய கல்வித் திட்டத்தின் கீழ் அவர்கள் பள்ளிகளுக்கு வருகிறார்கள். தனியார் பள்ளி "எங்களிடம் இதற்கு வசதி இல்லை, வேறு பள்ளி பாருங்கள்" என்று நாசூக்காகச் சொன்னால், கற்றல் குறைபாட்டை முன்கூட்டியே கண்டறிந்து ஏற்ற கற்பித்தல் முறைகளைக் கையாள வேண்டியது கல்வி நிறுவனங்களின் கடமை என்று 2016 சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்வதை நீங்களும் நாசூக்காகவே நினைவூட்டலாம்.

மதிப்பீடும் சான்றிதழும்

மதிப்பிட வேண்டியவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளர் அல்லது மறுவாழ்வு உளவியலாளர். அறிவுத்திறன் சோதனை ஒன்று இருக்கும். அதோடு வாசிப்பு, எழுத்துக்கூட்டல், எழுதுதல், கணக்கு ஆகியவற்றுக்கான சோதனைகள். இவற்றில் இந்தியாவில் பரவலாகப் பயன்படுவது பெங்களூருவிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவாக்கிய தொகுதி. ஐந்து முதல் ஏழு வயதுக்கு ஒன்று, எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்கு ஒன்று என இரண்டு நிலைகளில் இருக்கிறது. ஒரே அமர்வில் எல்லாம் முடியாது. கால்மணி நேரம் பேசிவிட்டு டிஸ்லெக்சியா என்று அடித்துச் சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

எந்த மொழியில் சோதிக்கப்போகிறார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். வீட்டில் தமிழ் மட்டும் பேசும் பிள்ளையை ஆங்கிலத்தில் மட்டும் சோதித்த அறிக்கை பாதி அறிக்கைதான். அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோர் கண்ணும் ஐக்யூ எண்ணுக்குத்தான் போகும். அது நுண்ணறிவுக் குறைபாடு இல்லை என்று காட்டப் பயன்படுகிறது, அவ்வளவே. எந்த வகைப் பிழைகள், எந்த வகுப்பு நிலையில் வாசிக்கிறது, என்ன கற்பிக்க வேண்டும் என்ற பகுதிகளைத்தான் வரி வரியாகப் படிக்க வேண்டும். பரிந்துரைப் பகுதி இரண்டே வரி என்றால் விளக்கம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சட்டப்படி செல்லும் சான்றிதழ் அரசு மருத்துவக் குழு தருவது. மத்திய அரசு 2018இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி எட்டு வயது நிறைந்த பிறகே கிடைக்கும். 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி மதிப்பிட வேண்டும். 18இல் தருவது வாழ்நாள் முழுவதும் செல்லும். எட்டு வயதுக்கு முன் சான்றிதழ் கிடைக்காது என்பதால் அதுவரை எதுவும் செய்ய வேண்டாம் என்று பொருளில்லை. விண்ணப்பம் யுடிஐடி எனப்படும், மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையின் இணையதளம் வழியாகச் செல்கிறது. குழப்பமிருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தைகளின் வளர்ச்சிச் சிக்கல்களைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் இடையீட்டுச் சேவை மையங்கள் இருக்கின்றன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் தேசியப் பல்வகை மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது. பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி தருவதில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கத்துக்கு நீண்ட அனுபவம் உண்டு.

குறைபாட்டின் அளவு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் உயர்கல்வியில் 5 சதவீதம், அரசு வேலையில் 4 சதவீதம் என்ற மாற்றுத்திறனாளிகள் இடஒதுக்கீட்டுக்குள் வர முடியும். "பிள்ளை மேல் முத்திரை குத்திவிடுவார்கள்" என்று அஞ்சும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன்: முத்திரை ஏற்கெனவே குத்தியாகிவிட்டது. சோம்பேறி, மக்கு என்பவையும் முத்திரைகள்தாம்.

சொல்லிக்கொடுத்தல்

முக்கியமான பகுதி இதுதான். டிஸ்லெக்சியாவுக்கு மாத்திரை கிடையாது; முழுவதும் மறைந்துவிடுவதும் இல்லை. ஆனால் முறையாகக் கற்பித்தால் இந்தப் பிள்ளைகள் வாசிப்பார்கள். 1930களில் அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற மருத்துவரும் அன்னா கில்லிங்ஹாம் என்ற ஆசிரியரும் வகுத்த வழியிலிருந்து இன்றைய முறைகள் பல கிளைத்தவை. சாரம் எளிது: எதையும் ஊகத்துக்கு விடாமல் வெளிப்படையாகச் சொல்லித்தருவது, சிறிது சிறிதாக ஒழுங்குமுறையில் ஏறுவது, ஒன்று படியும் வரை அடுத்ததைத் தொடாதிருப்பது, கண், காது, வாய், கை நான்கையும் ஒன்றாக வேலைவாங்குவது.

247 எழுத்தையும் அட்டவணையாக ஒப்பிக்கவைப்பது இந்தப் பிள்ளைகளுக்கு எதிரி. பாட்டுப்போல் ஒப்பித்துவிடும், நடுவில் ஒரு எழுத்தைக் காட்டினால் தெரியாது. அட்டவணைக்குப் பின்னால் இருக்கும் விதியைக் கொடுங்கள். ஐந்தாறு மெய்களை மட்டும் எடுத்து, முதலில் அகரம், பிறகு கால் சேர்த்து ஆகாரம். கா, பா, மா, லா என்று நான்கைந்து நாள் வெவ்வேறு வரிசையில். இவற்றை வைத்தே உடனே சொற்கள்: பாடம், படம், கால், கல். குறில் நெடிலை வாயால் நீட்டிக் குறுக்கி, கையால் கோடு இழுத்துக் காட்டுங்கள். அடுத்து இகர ஈகாரக் குறிகள்.

உகர வரிசையில் நின்று நிதானியுங்கள். வடிவம் ஒரே மாதிரி மாறாத வரிசை அது. சு, பு, யு, வு ஒரு கூட்டம். கு, டு, மு, ரு, ழு, ளு இன்னொன்று. து, நு, ணு, லு, று, னு மற்றொன்று. கூட்டம் கூட்டமாகக் கொடுத்தால் படியும். கொம்பு வரும் வரிசைகள் கடைசியில் வரட்டும். கொம்பு, எழுத்து, கால் மூன்றையும் தனித்தனி அட்டைகளில் எழுதி, பிள்ளையே அடுக்கிக் கொ என்று வாயால் சொல்ல வேண்டும்.

அரிசியிலும் மணலிலும் விரலால் எழுதவைப்பது நம் ஊர்ப் பழைய வழக்கம். இங்கே நன்றாகவே உதவும். ஆனால் வாயை மூடிக்கொண்டு எழுதினால் பயன் குறைவு. எழுதும்போதே ஒலியைச் சொல்ல வேண்டும். பிழையான சொல்லைப் பத்து முறை எழுது என்று இம்போசிஷன் கொடுப்பதை வீட்டிலாவது நிறுத்துங்கள். நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் பத்து முறை தள்ளுவதற்கு ஒப்பானது அது.

தினம் இருபது நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் என்பது அதற்கு ஈடாகாது. வாசிப்புப் பயிற்சிக்கு வகுப்புப் புத்தகம் வேண்டாம். பிள்ளையின் இப்போதைய நிலைக்கு ஏற்ற எளிய கதைகளை எடுங்கள். நீங்கள் ஒரு வரி வாசிக்க, பிள்ளை அதே வரியை விரல் வைத்து வாசிக்கட்டும். இதற்குத் தனியாக, இரவில் பிள்ளையின் வயதுக்கேற்ற நல்ல கதைகளை நீங்களே படித்துக் காட்டுங்கள். இல்லாவிட்டால் கண் வாசிக்காததால் சொல்வளமும் பொது அறிவும் சேர்ந்து பின்தங்கும். சமூக அறிவியலையும் அறிவியலையும் வாசித்துச் சொல்லியே படிக்கவைக்கலாம். அது ஏமாற்றுவேலை ஆகாது.

ஆங்கிலத்துக்கும் இதே ஒழுங்கு: எழுத்தின் பெயரை விட்டு ஒலியிலிருந்து தொடங்குவது. p–b, t–d போன்ற ஒலிகளில் வல்லினமும் அதன் மெலிந்த ஒலியும் தமிழில் ஒரே எழுத்தாக இருப்பதால், நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் அவற்றை மாற்றி எழுதுவது இயல்பு. அதைக் கூடுதலாகச் சொல்லித்தர வேண்டும். குறைபாட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வேண்டாதவை

வண்ணக் கண்ணாடி, கண் பயிற்சி, நினைவாற்றல் சிரப், வலது மூளையை எழுப்பும் வகுப்பு. கண் பயிற்சியும் வண்ணக் கண்ணாடியும் டிஸ்லெக்சியாவுக்குப் பயன்படுவதாக ஆதாரமில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பும் கண் மருத்துவர்களின் அமைப்பும் கூட்டாக 2009இல் அறிவித்துவிட்டன. அந்தப் பணத்தை ஒரு நல்ல சிறப்புக் கல்வி ஆசிரியருக்குக் கொடுங்கள்.

தேர்வுச் சலுகைகள்

தமிழ்நாட்டின் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் இருக்கின்றன. தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும். சிபிஎஸ்இ எனப்படும் மத்திய வாரியமும் மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தருகிறது. ஒன்பதாம் வகுப்பிலேயே காகிதங்களைத் தயார் செய்யுங்கள். 14 வயது மறுமதிப்பீடும் ஏறத்தாழ அந்தச் சமயத்தில்தான் வரும். சொல்வதை எழுதுபவருடன் முன்பே சில மாதிரித் தேர்வுகள் எழுதிப் பழகாத பிள்ளை தேர்வறையில் திண்டாடும். பதிலை வரிசையாக வாய்விட்டுச் சொல்வது தனித் திறமை. என் கருத்தில் கூடுதல் நேரத்தைத் தயங்காமல் வாங்கலாம். மொழி விலக்கு வாங்கும் முன், பிள்ளை பின்னால் சேர விரும்பும் படிப்பும் வேலையும் என்ன மொழித்தகுதி கேட்கின்றன என்று விசாரித்துவிடுங்கள்.

பிள்ளையிடம் என்ன சொல்வது

உண்மையைச் சொல்லுங்கள். "உனக்கு எழுத்தையும் சத்தத்தையும் சேர்ப்பது மற்றவர்களைவிடக் கஷ்டம். உன் மூளையில் கோளாறு இல்லை. வேறு முறையில் படிக்கப்போகிறோம், நேரமாகும்" என்ற அளவு போதும். பெரிய விஞ்ஞானிகளுக்கும் இருந்தது என்ற கதைகள் வேண்டாம். அவற்றில் பாதிக்கு ஆதாரமில்லை, பிள்ளைக்கோ இன்னொரு சுமை. அப்பாவுக்கும் இப்படி இருந்திருந்தால் அப்பாவே சொல்லட்டும். வீட்டில் தங்கை இவனைவிட வேகமாக வாசிக்கத் தொடங்கும் நாளும் வரும். இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லாதீர்கள்.

மாதம் ஒருமுறை, ஒரே நிலையிலுள்ள ஒரு புதிய பத்தியைக் கொடுத்து, ஒரு நிமிடத்தில் சரியாக வாசித்த சொற்களை எண்ணி அதே நோட்டில் எழுதுங்கள். மதிப்பெண் அட்டையில் எதுவும் தெரியாத மாதங்களிலும் இந்த எண் மெல்ல ஏறும். அதைப் பிள்ளையிடம் காட்டுங்கள். தினமும் சொல்லிக்கொடுத்தும் ஆறு மாதத்தில் எண் அசையவில்லையென்றால் நோட்டை எடுத்துக்கொண்டு சிறப்புக் கல்வி ஆசிரியரிடம் போய், முறையில் எதை மாற்றப்போகிறீர்கள் என்று கேளுங்கள்.